விடுதியில் வாய் திறக்காத தம்பிக்கு வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி கோவில்பட்டி அருகே அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சென்னையில் பொறியியல் கிடைத்து, விடுதியில் சேர்ந்து ஒன்றரை மாதம் ஆகிறது. வீட்டில் ஓயாமல் பேசுகிறவன், அங்கே யாரிடமும் வாய் திறப்பதில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் எதிரே உட்காருபவர் எந்த ஊர் என்று ஆங்கிலத்தில் கேட்டால், ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிவிட்டுத் தட்டைப் பார்க்கிறானாம். "திரும்ப என்ன கேட்பது என்று யோசிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது அக்கா" என்கிறான். சக மாணவர்களையும் "வாங்க, போங்க" என்றே அழைக்கிறான். அவன் மரியாதையாக நினைப்பதை அவர்கள் ஒதுங்கல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அறைத் தோழர்களுக்காக நான் கட்டிக் கொடுத்த கடலை மிட்டாய்ப் பொட்டலம், போன வாரம் பார்க்கப் போனபோது பிரிக்காமல் பெட்டியிலேயே கிடந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை.

ஆங்கிலம் மட்டுமே சிக்கல் என்று நான் நினைக்கவில்லை. தமிழ் பேசுகிறவர்களிடமும் இதே தயக்கம்தான். இந்த நிலையைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்: முதல் பேச்சை எப்படித் தொடங்கினீர்கள்? "நீங்கள்" எப்போது "நீ" ஆனது? என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்), விளையாட்டு என்று ஏதாவது ஒன்றில் சேர்ந்தால் பழக்கம் வருமா? பேராசிரியரிடம் நான் பேசினால் அவனுக்குச் சங்கடமாகுமா? தீபாவளிக்கு ஊருக்கு வருகிறான். அதற்குள் உங்கள் பதில் கிடைத்தால் அவனோடு உட்கார்ந்து பேசுவேன்.