சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்குச் சிகிச்சை முடிந்தும் டிபிஹெச்ஏ ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ், யாருக்காவது இப்படி உண்டா?

வணக்கம். பெயர் சொல்லாமல் கேட்கிறேன், மன்னிக்கவும். போன வருடம் சிபிலிஸ் என்று தெரிந்து பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டேன். அப்போது விடிஆர்எல் (அதே நோய்க்கான இன்னொரு ரத்தப் பரிசோதனை; பின்னால் உள்ள எண் குறைந்தால் நல்லது) 1:32. ஆறு மாதத்தில் 1:4, இப்போது 1:2. அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது.

டிபிஹெச்ஏ குணமான பிறகும் பெரும்பாலும் ஆயுள் முழுக்க பாசிட்டிவாகவே இருக்கும், விடிஆர்எல் நான்கு மடங்கு குறைந்தாலே மருந்து வேலை செய்ததாக அர்த்தம் என்றார் டாக்டர். சரி, புத்திக்குப் புரிகிறது. ஆனால் ரிப்போர்ட்டில் ‘ரியாக்டிவ்’ (அதாவது பாசிட்டிவ்) என்று பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது. (துணைவருக்கு நெகட்டிவ், அந்த அளவில் நிம்மதி.)

உங்களில் யாருக்காவது 1:2-லேயே நின்றுவிட்டதா? எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறீர்கள்? லேப் மாற்றினால் அளவும் மாறுமா? அப்புறம், லேப் டெக்னீஷியன்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் விளக்குங்களேன்.