நாலாம் மெஷின் தடைபட்ட கதை: உங்களுக்கும் நடந்ததா?

நாலாம்மெஷின்:
யாழ்ப்பாணத்தில், திருநெல்வேலிப் பக்கம் ஒரு கேம் சென்டரில் பின்னேர வேலை பார்த்தேன். கம்பஸ் பெடியளும் ரியூசன் முடிந்து வருகிற பிள்ளைகளும்தான் வாடிக்கை. மொத்தம் எட்டு மெஷின்.

ஓ.எல் சோதனை எழுதிவிட்டு பெறுபேறு வரும்வரை சும்மா இருந்த ஒரு தம்பி, பென் டிரைவில் சீட் எஞ்ஜின் (கேமில் ஏமாற்ற, நினைவகத்தில் இருக்கிற எண்களை மாற்றுகிற மென்பொருள்) கொண்டு வருவான். தொடக்கத்தில் ஆஃப்லைன் கேமில்தான் கைவரிசை. காசு 350 இருந்தால் நினைவகத்தில் 350ஐத் தேடுவான். கொஞ்சம் செலவழித்து 340 ஆனதும், கிடைத்தவற்றுக்குள் 340ஐத் தேடுவான். நாலைந்து தடவையில் அந்த எண் இருக்கிற இடம் பிடிபட்டுவிடும். பிறகு காசு 99999. நானும் பக்கத்தில் நின்று வாய் பார்த்தவன்தான், பொய் சொல்லக்கூடாது. தன்னோடு தானே விளையாடுகிறவனால் யாருக்கு என்ன நட்டம்?

பிறகு ஆன்லைன் சண்டை கேம் ஒன்றில், சுவருக்குப் பின்னால் நிற்பவனைக் காட்டுகிற ஏதோ ஒன்றை நாலாம் மெஷினில் ஓடவிட்டிருக்கிறான். அன்று ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு கிழமை கழித்துத்தான் அவனுடைய கணக்கு போனது. பிடித்த உடனே தடுத்தால், எதை வைத்துப் பிடித்தார்கள் என்று சீட் செய்து விற்பவனுக்குத் தெரிந்துவிடும். அதனால் சேர்த்து வைத்து ஒன்றாகத் தூக்குவார்கள்.

அவன் போனது சரி. அதே மெஷினில் இருந்த மற்றவர்களையும் கேம் வெளியே தள்ளத் தொடங்கியது. தடை கணக்குக்கு மட்டும் இல்லை, மதர்போர்ட், டிஸ்க் போன்றவற்றின் தொடர் இலக்கங்களுக்கும் சேர்த்துத்தான். காசு கொடுத்து ஸ்கின் (கேமில் ஆயுதத்துக்கும் ஆளுக்கும் போடுகிற அலங்காரம்) வாங்கி வைத்திருந்த ஒரு அண்ணை, "நான் என்னடா செய்தனான்?" என்று என் சட்டையைப் பிடிக்காத குறை. முதலாளி விளங்காமல் விண்டோஸை மூன்று தடவை புதிதாகப் போட்டார். இலக்கம் இரும்பில் இருக்கும்போது விண்டோஸை மாற்றி என்ன பலன்?

கொக்குவிலான்:
நான் சீட் பண்ணவே இல்லை, ஆனாலும் மாட்டினேன். கம்பஸில் படிக்கும்போது ரிவர்ஸ் எஞ்ஜினியரிங்கில், அதாவது ஒரு புரோகிராமைப் பிரித்து அது எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதில், ஒரு பைத்தியம். அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ 2019இல் இலவசமாக வெளியிட்ட கிட்ரா என்ற பிரித்துப் பார்க்கிற கருவி, அதோடு ஓடுகிற புரோகிராமை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிற ஒரு டீபகர், பழகுவதற்கென்றே எழுதப்பட்ட சின்னப் புரோகிராம்கள், இவ்வளவுதான் என் உலகம். ஒருநாள் டீபகரை மூடாமல் கேமைத் திறந்தேன். திறக்க மாட்டேன் என்றது. மூடினேன், அப்போதும் இல்லை. பாதி இரவு போன பிறகுதான் ஞாபகம் வந்தது: சொந்தமாக எழுதிய ஒரு டிரைவரை, அதாவது விண்டோஸின் ஆழத்தில் ஓடுகிற சின்ன மென்பொருளை, ஓட்டிப் பார்க்க விண்டோஸை டெஸ்ட் மோடில் விட்டிருந்தேன். மைக்ரோசொஃப்ட் ஒப்புக்கொள்ளாத, நாமே சோதனைக் கையொப்பம் போட்ட டிரைவரும் கெர்னலுக்குள் (விண்டோஸின் உள்மையம்) நுழையலாம் என்கிற நிலை அது. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் பயந்ததில் பிழை இல்லை.

ஆனால் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. 2020இல் வலோரன்ட் என்ற கேமோடு வந்த ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வான்கார்ட், கேமைத் திறக்க முன்னமே, மெஷின் எழும்பும்போதே கெர்னலில் போய்க் குந்திவிடும். அவ்வளவு அதிகாரம் உள்ள டிரைவரில் ஓட்டை இருந்தால்? கென்ஷின் இம்பாக்ட் என்ற கேமின் ஏமாற்றுத் தடுப்பு டிரைவரை 2022இல், கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்கிற ரான்சம்வேர்க்காரர்கள் எடுத்து, வைரஸ் காவலை நிறுத்தப் பாவித்தார்கள். அந்த கேம் இல்லாத மெஷினிலும் அது வேலை செய்தது, டிரைவர் கோப்பு மட்டும் போதும். இப்போது என் ஆராய்ச்சி எல்லாம் மெய்நிகர் மெஷினுக்குள், அதாவது மெஷினுக்குள் மென்பொருளால் உண்டாக்கின இன்னொரு மெஷினுக்குள். விளையாட்டு வெளியில்.

கஸ்தூரியார்வீதி:
கம்ப்யூட்டர் திருத்துகிற கடையில் இருந்து ஒன்று சொல்லட்டா? "செக்யூர் பூட் இல்லாமல் கேம் போகாதாம் அண்ணை" என்று பெடியள் தாங்களாகவே பயாசில் (மெஷின் எழும்பும்போது முதலில் ஓடுகிற அமைப்பு) கை வைப்பார்கள். செக்யூர் பூட் என்றால், நம்பகமான கையொப்பம் உள்ளதை மட்டும் எழும்பவிடுகிற காவல். மெஷின் பழசு, டிஸ்க் எம்.பி.ஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருக்கும். செக்யூர் பூட்டுக்கு யூ.ஈ.எஃப்.ஐ என்ற புது பயாஸ் முறை வேண்டும், அதில் விண்டோஸ் எழும்ப டிஸ்க் ஜி.பி.டி என்ற புது பிரிப்பு முறையில் இருக்கவேண்டும். மாற்றினதும் விண்டோஸ் எழும்பாது. "எல்லாம் அழிஞ்சு போச்சு" என்று அழாக்குறையாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒன்றும் அழியவில்லை. பயாசைப் பழையபடி திருப்பி, முக்கியமானதைப் பிரதி எடுத்துவிட்டு, விண்டோஸில் உள்ள எம்.பி.ஆர்-டு-ஜி.பி.டி கருவியால் டிஸ்க்கை மாற்றி, பயாசை யூ.ஈ.எஃப்.ஐக்கு மாற்றி, பிறகு செக்யூர் பூட் போட்டால் சரி. அந்த ஒழுங்கை மாற்றாதீர்கள்.

நாலாம்மெஷின்:
கொக்குவிலான் சொல்கிற கோபம் எனக்கும் உண்டு, ஆனால் அந்த அண்ணையின் முகத்தையும் பார்த்தவன் நான். முதலாளி கடைசியில் நாலாம் மெஷினைக் கழற்றி முன் மேசையில் பிரிண்ட் எடுக்க வைத்துவிட்டார். அந்தத் தம்பி இப்போது ஏ.எல் படிக்கிறான். நோட்ஸ் பிரிண்ட் எடுக்க அதே மெஷினுக்குத்தான் வருகிறான், பக்கத்துக்குப் பத்து ரூபாய்.