கழுத்து வலிக்கு அக்குபங்சர் போகலாமா? கூடவே கொடுத்த கறுப்பு உருண்டையை என்ன செய்வது?

கழுத்துவலிக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை. கழுத்தும் தோளும் இறுகிப்போகிறது, வாரத்தில் பாதி நாள் பின்மண்டையில் தலைவலி, ராத்திரி தூக்கமும் விட்டுவிட்டுத்தான் வருகிறது. டாக்டரிடம் காட்டியாயிற்று. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றும் இல்லை, உட்காரும் முறையை மாற்றுங்கள், நடங்கள் என்றார். அவர் சொன்னது சரிதான், ஆனால் வலி எனக்குத்தானே.

கூட வேலை செய்பவர் சொன்னாரே என்று ஒரு அக்குபங்சர் (உடலில் மெல்லிய ஊசிகள் குத்தும் சீன வைத்தியம்) நிலையத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தேன். ஊசி இன்னும் போட்டுக்கொள்ளவில்லை. அங்கே இருந்தவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், இரண்டு மணிக்கட்டிலும் நாடி பிடித்தார், அப்புறம் "கல்லீரல் சக்தி தேங்கி நிற்கிறது" என்றார். கல்லீரல் என்றதும் எனக்குப் பகீர் என்றது. போதாததற்கு கறுப்பு உருண்டை ஒரு டப்பா கொடுத்தார், மேலே பெயரும் கிடையாது, உள்ளே என்ன என்றும் எழுதவில்லை. பிரஷர் மாத்திரை எடுக்கிறேன் என்று சொன்னதற்கு "கொஞ்ச நாளில் அதையெல்லாம் நிறுத்திவிடலாம்" என்றார் பாருங்கள், அங்கேதான் இடிக்கிறது.

இது உண்மையிலேயே வேலை செய்யுமா? வலிக்குமா? அந்த உருண்டையைச் சாப்பிடலாமா? "அற்புதம்" என்றோ "எல்லாம் பித்தலாட்டம்" என்றோ ஒரே வரியில் முடிக்காமல் தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

மெதுநடை:
ஊசி எப்படி இருக்கும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன், மருந்துக் கதை தெரிந்தவர்கள் வருவார்கள். மருந்து ஏற்றும் ஊசி மாதிரி இதில் ஓட்டை கிடையாது, ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் கனம்தான். ஏறும்போது எறும்பு கடித்த மாதிரி ஒரு சுருக், பல புள்ளிகளில் அதுவும் இல்லை. அதற்கப்புறம் அந்த இடம் கனக்கும், மரத்துப்போன மாதிரி, சில சமயம் லேசாக மின்சாரம் ஓடுகிற மாதிரி இருக்கும். அந்த உணர்வு வந்தால்தான் ஊசி சரியாகப் பிடித்திருக்கிறது என்பார்கள். சுள்ளென்று கூர்மையாக வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள், சொன்னால் எடுத்து மாற்றுவார்கள். இருபது முப்பது நிமிடம் அப்படியே கிடக்க வேண்டும், நான் அனேகமாகத் தூங்கிவிடுவேன்.

எனக்குத் தலைவலி வரும் நாட்கள் குறைந்தன, அடியோடு போகவில்லை. கழுத்துக்குப் போட்டுக்கொண்டு வந்து அதே நாற்காலியில் அதே மாதிரி கூனி உட்கார்ந்தால் ரெண்டு நாளில் பழையபடி பிடித்துக்கொள்ளும். உங்கள் டாக்டர் சொன்ன நடையை விட்டுவிடாதீர்கள்.

சந்தேகப்பிராணி:
என் பெயரைப் பார்த்ததும் என்ன சொல்வேன் என்று தெரிந்திருக்கும், ஆனால் கொஞ்சம் பொறுங்கள். ஜெர்மனியில் 1,162 பேரை வைத்து நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு ஒரு பெரிய ஆய்வு செய்து 2007-இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்கு சீன முறைப்படி சரியான புள்ளிகளில் ஊசி. இன்னொரு பகுதியினருக்குப் புள்ளியே இல்லாத இடங்களில் சும்மா மேலாக ஒரு குத்து. மூன்றாவது பகுதியினருக்கு வழக்கமான மருந்து, உடற்பயிற்சி, பிசியோதெரபி. ஆறு மாதம் கழித்து நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் முதல் பிரிவில் ஏறக்குறைய 48 சதவீதம், இரண்டாவதில் 44, மூன்றாவதில் 27. இதை வைத்துக்கொண்டு ரெண்டு பக்கமும் சண்டை போடுகிறார்கள். ஊசிக்காரர்கள் 48-ஐயும் 27-ஐயும் காட்டுவார்கள், என்னை மாதிரி ஆட்கள் 48-ஐயும் 44-ஐயும் காட்டுவோம். ரெண்டும் உண்மைதான்.

ஒற்றைத் தலைவலிக்கும் இதே கதை. 2016-இல் காக்ரேன் அமைப்பு அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தவர்கள் அசல் ஊசியில் நூற்றுக்கு 50, போலி ஊசியில் 41. வித்தியாசம் இருக்கிறது, சின்னது. உங்களுக்கு இருப்பது இறுக்கத்தால் வரும் தலைவலி மாதிரித் தெரிகிறது, அதற்கும் ஓரளவு பலன் காட்டியிருக்கிறார்கள். தூக்கத்துக்கு என்று பார்த்தால் ஆய்வுகளின் தரமே சுமார், பெரிதாக நம்ப வேண்டாம்.

என் கட்சி என்னவென்றால், அரை மணி நேரம் போனைத் தொடாமல் படுத்திருப்பது, ஒருவர் உங்கள் வலியைப் பொறுமையாகக் கேட்பது, குணமாகும் என்ற எதிர்பார்ப்பு, இதெல்லாம் சேர்ந்துதான் பலனில் பெரும்பங்கு. அதனால் வலி குறைந்தால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. ஆனால் சக்தி ஓடும் பாதை என்று படம் போட்டுக் காட்டுகிறார்களே, அப்படி ஒன்றை உடலை அறுத்துப் பார்த்த யாரும் கண்டதில்லை.

பழையசுவடி:
ஐயாயிரம் வருட மருத்துவத்தை இரண்டு வெள்ளைக்கார ஆராய்ச்சி வைத்து எடை போடுகிறீர்களே சந்தேகம் சார். வேலை செய்யாத ஒன்று இத்தனை காலம் நின்றிருக்குமா?

சந்தேகப்பிராணி:
நிற்கும் சுவடி சார். ரத்தத்தை வெட்டி வடியவிடும் வைத்தியம்கூட ஐரோப்பாவில் ரெண்டாயிரம் வருடம் நின்றது. அப்புறம், இவர்களின் மூலநூலான 'ஹுவாங்டி நெய்ஜிங்' தொகுக்கப்பட்டே சுமார் இரண்டாயிரம் வருடம்தான். சீனாவில்கூட ஒரே சீராக மதிப்பு இருந்ததில்லை. 1822-இல் சிங் வம்சத்துச் சீனப் பேரரசரே அரண்மனை மருத்துவக் கழகத்தில் ஊசி வைத்தியத்தை நிறுத்தினார். இன்று போடுகிற மெல்லிய ஊசி முறை பெரும்பாலும் 1930-களில் செங் தான்-ஆன் என்பவர் சீர்திருத்தியது. அரசாங்கமே தூக்கிப் பிடித்தது 1950-களுக்குப் பிறகு. பழசு என்பதற்காகத் தள்ளவும் வேண்டாம், கொள்ளவும் வேண்டாம்.

ஊசிக்கை:
நான் பிசியோதெரபிஸ்ட், ஊசியும் போடுகிறேன். சந்தேகப்பிராணியோடு எனக்குப் பாதி உடன்பாடு, மீதியை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். மேடம், உங்களுக்கு அவசரமான விஷயம் அந்த டப்பா.

பிரஷர் மாத்திரையை யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள், அதைக் கொடுத்த டாக்டர் சொன்னால் தவிர. இப்படிப் பேசுகிறவர்களால்தான் எங்கள் தொழிலுக்கே கெட்ட பெயர். பெயர் இல்லாத உருண்டையை வாயில் போடாதீர்கள். சீன மருந்துக் கலவைகளில் மிக அதிகமாகச் சேரும் பொருட்களில் ஒன்று அதிமதுரம். அதுவே நிறைய, தொடர்ந்து போனால் பொட்டாசியம் குறைந்து பிரஷர் ஏறும். மா ஹுவாங் என்று ஒன்று இருக்கிறது, எபெட்ரா செடி, அது இதயத்துடிப்பையும் பிரஷரையும் தூக்கும். உணவுத் துணைப்பொருட்களில் அதைச் சேர்க்க அமெரிக்காவில் 2004-இல் தடை போட்டார்கள். தான்ஷென், தாங்குய் என்ற சீன மூலிகைகள் இரண்டும் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரினோடு மோதும்.

எல்லாவற்றையும் விட மோசமானது பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் நடந்தது. உடல் இளைக்கக் கொடுத்த மருந்தில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாகப் பெயர் ஒத்த இன்னொன்று, அரிஸ்டோலோக்கியா வகை, கலந்துபோய்ப் பல பெண்களுக்குச் சிறுநீரகமே செயலிழந்தது, சிலருக்கு அப்புறம் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. இயற்கை, பக்கவிளைவு இல்லை என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். அதே சீன மூலிகை மரபிலிருந்துதான் மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் கிடைத்தது, அதைக் கண்டுபிடித்த சீன விஞ்ஞானி தூ யோயோவுக்கு 2015-இல் நோபல். ஆனால் அவர் செடியிலிருந்து சரக்கைத் தனியே பிரித்து, சோதித்து, அளவு கண்டு கொடுத்தார். உங்கள் டப்பாவில் அளவும் இல்லை, பெயரும் இல்லை.

கல்லீரல் பற்றிப் பயப்பட வேண்டாம். அவர்கள் கணக்கில் கல்லீரல் என்பது மன இறுக்கம், கோபம், தசைப்பிடிப்பு எல்லாம் சேர்ந்த ஒரு தொகுப்பு. ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் உங்கள் கல்லீரல் பாட்டுக்கு அதன் வேலையைப் பார்க்கிறது.

ஊசிக்குப் போவதென்றால் உங்கள் கண் முன்னால் புது பாக்கெட் பிரிக்க வேண்டும், ஒரு முறை போட்டதும் தூக்கி எறிய வேண்டும். கர்ப்பமா, ரத்தம் உறையாத மருந்து எடுக்கிறீர்களா, பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். உங்களுக்குத் தோளில்தான் போடுவார்கள். அங்கே நுரையீரலின் மேல்நுனி அதிக ஆழத்தில் இல்லை, முறையாகப் படித்தவர் சதையைத் தூக்கிப் பிடித்துச் சாய்வாகப் போடுவார். ஊசி நுரையீரலில் பட்டுவிடுவது மிக அபூர்வம்தான், ஆனாலும் போட்ட அன்று திடீரென்று நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்தால் நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள், மறுநாள் வரை பார்க்க வேண்டாம். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், சிலருக்கு மயக்கம் வரும்.

கழுத்துவலிக்காரி:
எல்லோருக்கும் நன்றி. டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், பிரஷர் மாத்திரை அப்படியே தொடரும். அந்த நிலையம் வேண்டாம், முறையாகப் படித்த வேறு ஒருவரைப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். எத்தனை தடவை போய்ப் பார்த்துவிட்டுச் சரிவரவில்லை என்று முடிவு செய்வது? வீட்டில் நானே அழுத்திக்கொள்ள ஏதாவது புள்ளி உண்டா?

ஊசிக்கை:
வாரம் ஒரு தடவை வீதம் ஐந்தாறு தடவை போங்கள். தலைவலி நாட்களை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் போன மாதம் எப்படி இருந்தது என்று மனசு தன் இஷ்டத்துக்குச் சொல்லும். அசைவே இல்லை என்றால் அத்தோடு நிறுத்துங்கள். அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 2020 முதல் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு 90 நாளில் 12 தடவை வரை பணம் கொடுக்கிறது, முன்னேற்றம் தெரிந்தால்தான் மேலே எட்டு. முதல் நாளே நீண்ட பேக்கேஜுக்கு மொத்தமாகப் பணம் கேட்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அழுத்த வேண்டுமானால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதை, ஹெகு புள்ளி, தலைவலிக்கு ஓரிரு நிமிடம் அழுத்தலாம், கர்ப்பமாக இருந்தால் வேண்டாம். குமட்டலுக்கு உள்மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் மேலே, இரண்டு தசைநார்களுக்கு நடுவில், நெய்குவான். அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் வாந்திக்குப் பலன் தரும் என்று ஆய்வுகளில் ஓரளவு நன்றாகவே தெரிந்த புள்ளி இது.

சந்தேகப்பிராணி:
நெய்குவானை நானும் ஒத்துக்கொள்கிறேன், பஸ் பயணத்தில் அதுதான் எனக்குத் துணை. சுவடி சார் கொண்டாட வேண்டாம்.