காந்தல் வீட்டுக் குழு: யார் உள்ளே, யார் வெளியே

(ஊட்டி காந்தலில் பெரியம்மா வீட்டுத் தொட்டிச் செடிகளில் எவற்றைப் பனிக்கு முன் உள்ளே எடுப்பது என்று எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு. ரேவதி அண்ணி பெரியம்மாவின் மருமகள்; அவர் 'அத்தை' என்பதும், சித்தப்பாவும் அத்தையும் 'அண்ணி' என்பதும் பெரியம்மாவைத்தான்.)

வெள்ளிக்கிழமை

காலை 6:52, தலைக்குந்தா அக்கா:
[படம்]
விடியலில் எங்கள் கேரட் பாத்தி ஓரத்தில் எடுத்தது. நீர்ப்பனிதான், இன்னும் உறையவில்லை. ஆனாலும் செருப்பில்லாமல் புல்லில் கால் வைக்க முடியவில்லை. நேற்றோடு மழை விட்டுவிட்டது, வானத்தில் ஒரு மேகம் இல்லை. இரண்டொரு நாளில் உறைபனியில் புல் வெளுத்துவிடும் என்று நினைக்கிறேன்.

காலை 7:05, பெரியம்மா:
ஐயோ, அதற்குள்ளாகவா? ஐப்பசிகூட முடியவில்லையே. என் தொட்டிகள் எல்லாம் முற்றத்தில் நிற்கின்றன.

காலை 7:20, பெங்களூரு தம்பி:
[படம்]
பெரியம்மா, பயப்படாதீர்கள். இன்றிரவு ஊட்டிக்கு 5 டிகிரி என்று செயலியில் போட்டிருக்கிறது. பூஜ்ஜியத்துக்கு வந்தால்தானே உறைபனி? இன்னும் நாள் இருக்கிறது.

காலை 7:41, குன்னூர் சித்தப்பா:
அந்த 5 டிகிரியை நம்பிப் போர்த்திக்கொண்டு தூங்காதே. வானிலை நிலையத்தில் வெப்பமானி இருப்பது தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில், ஒரு மரப்பெட்டிக்குள். செடி நிற்பது தரையில். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். புல் மட்டத்தில் நாலைந்து டிகிரி குறைவாக இருப்பதுண்டு. செயலி 4 என்று காட்டும் காலையில் காந்தல் மைதானம் வெள்ளையாகக் கிடக்கும்.

காலை 7:44, பெங்களூரு தம்பி:
அப்படியானால் வீட்டுக்கு வீடு மாறுமா சித்தப்பா?

காலை 7:50, குன்னூர் சித்தப்பா:
மாறாமல்? குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் என்று ஆண்டுதோறும் அதே பெயர்கள் செய்தியில் வருவது அதனால்தான். எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. கீழே ஜிம்கானா மைதானம் வெளுத்துப்போன நாளிலும் என் ஜெரேனியம் பூத்துக்கொண்டு நிற்கும். அண்ணியின் வீடு பள்ளம். இதில் யோசிக்க ஒன்றுமில்லை, இன்றே எடுத்துவிட வேண்டியதுதான்.

காலை 7:58, மேட்டுப்பாளையம் மாமா:
இங்கே இன்றுதான் மின்விசிறியை 5-லிருந்து 4-க்குக் குறைத்தோம். உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம்.

காலை 7:59, அத்தை:
நீங்கள் சும்மா இருங்கள். அண்ணி, சுமப்பதற்கு ஆள் இருக்கிறதா? போன ஆண்டு மாதிரி நீங்களே தூக்க வேண்டாம்.

காலை 8:15, ரேவதி அண்ணி:
ஆள் நான்தான். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் இருக்கிறார். கண்ணாடி வராந்தாவில் மூன்று ஜன்னல்கள். ஒன்றின் கீழே தையல் இயந்திரம். முற்றத்துத் தொட்டிகளை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். எல்லாம் உள்ளே வராது. எது வரவேண்டும், எது வேண்டாம் என்று யாராவது சொல்லிவிட்டால் பள்ளி விட்டு வந்ததும் தூக்கிவிடுகிறேன்.

காலை 8:17, பெரியம்மா:
எல்லாமும்தான் வரவேண்டும். ஒன்றை எடுத்து ஒன்றை விட எனக்கு மனம் வராது.

காலை 8:18, ரேவதி அண்ணி:
அத்தை, அப்படியானால் நாம் இருவரும் முற்றத்தில் படுக்க வேண்டியதுதான்.

காலை 8:31, குன்னூர் சித்தப்பா:
அண்ணி, கோபித்துக்கொள்ளாதீர்கள். ரோஜா, கேமெலியா, அசேலியா, பான்சி, டயான்தஸ் எல்லாம் குளிரில் பிழைக்கிற சாதி. அவற்றை வீட்டுக்குள் அடைத்தால்தான் வெளிச்சம் போதாமல் வாடும். வெளியே இருக்கட்டும். ஹைட்ராஞ்சியாவுக்கு இலை கருகும், அடித்தண்டிலிருந்து மறுபடி துளிர்க்கும். சுவரோரம் தள்ளி வைத்தால் போதும்.

காலை 8:33, பெரியம்மா:
என் டேலியா?

காலை 8:36, குன்னூர் சித்தப்பா:
அதற்குத்தான் கிழங்கு இருக்கிறதே. மேலே கருகினால் கருகட்டும். நம் ஊரில் பனி மண்ணின் மேல்தான் பிடிக்கும், கிழங்கு இருக்கும் ஆழம்வரை உறையாது. தொட்டியில் இருப்பவற்றுக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டுத் தாழ்வாரத்தில் ஒதுக்கி வையுங்கள். கள்ளி, சதைப்பற்றுள்ள செடிகள் எல்லாம் அதே இடத்துக்குப் போகட்டும். ஈரமும் பனியும் சேர்ந்தால்தான் அவை அழுகும்.

காலை 8:40, குன்னூர் சித்தப்பா:
உள்ளே வந்தே தீரவேண்டியவை பெகோனியா, கோலியஸ், ஆந்தூரியம், போயின்செட்டியா, இம்பேஷன்ஸ், உங்கள் கறிவேப்பிலை. கோலியஸ் ஓர் இரவுகூடத் தாங்காது. இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து செல்லைக் கிழித்துவிடும். வெயில் ஏறியதும் வெந்த கீரையாகத் தொங்கும்.

காலை 8:42, மேட்டுப்பாளையம் மாமா:
ஜன்னலோர இடத்துக்கு முன்பதிவு உண்டா?

காலை 9:10, நான்:
அண்ணி, கோலியஸ் தொட்டியைத் தூக்கவே வேண்டாம். நுனிக்கிளையை நாலு விரல் நீளத்துக்குக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீர் டம்ளரில் போட்டு அடுப்படி ஜன்னலில் வைத்தால் வேர் விட்டுவிடும். தாய்ச்செடி பனியில் போனாலும் கவலையில்லை. கோத்தகிரியில் நான் அப்படித்தான் செய்கிறேன். எட்டுத் தொட்டி இடம் மிச்சம்.

காலை 9:12, ரேவதி அண்ணி:
இந்தக் குழுவில் இன்றைக்கு வந்த முதல் நல்ல செய்தி.

காலை 10:25, பெரியம்மா:
எல்லாச் செடிக்கும் வழி சொன்னீர்கள். துளசியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாடத்தைத் தூக்கி உள்ளே வைக்க முடியுமா? மார்கழியில் எதற்கு விளக்கு வைப்பேன்?

காலை 10:40, அத்தை:
அதுதானே. அம்மா இருந்தவரை மாடத்துத் துளசியை அசைத்ததே இல்லை.

காலை 10:52, குன்னூர் சித்தப்பா:
அம்மா காலத்திலும் தை பிறப்பதற்குள் அது மொட்டைக் குச்சியாகத்தான் நிற்கும். மாசியில் சந்தையிலிருந்து புதிது வாங்கி வருவேன், எனக்கல்லவா தெரியும்.

காலை 11:03, குன்னூர் சித்தப்பா:
அண்ணி, மாடத்துச் செடி இருந்த இடத்திலேயே இருக்கட்டும், இரவில் மட்டும் மூடுங்கள். பொழுது சாய்வதற்கு முன்பே மூடிவிட வேண்டும். மண்ணில் பகலெல்லாம் ஏறிய சூடு உள்ளேயே நிற்கட்டும். சூடெல்லாம் போன பிறகு ஒன்பது மணிக்குப் போர்த்திப் பயனில்லை. காய்ந்த கதிர் இருந்தால் இன்றே உதிர்த்துக் காகிதத்தில் மடித்து வையுங்கள். செடி போனாலும் சித்திரையில் அந்த விதையையே போடலாம்.

காலை 11:10, பெரியம்மா:
வெள்ளிக்கிழமையில் துளசியில் கை வைக்க மாட்டேன். நாளைக் காலையில் உதிர்க்கிறேன். மூடுவதற்கு என் பழைய பருத்திப் புடவை ஆகுமா?

காலை 11:12, குன்னூர் சித்தப்பா:
ஆகும். சாக்கு இன்னும் நல்லது. பிளாஸ்டிக் தாள் மட்டும் வேண்டாம். அது இலையைத் தொட்டுக்கொண்டிருந்தால் தொட்ட இடமெல்லாம் கருகும். நாலு குச்சி நட்டு அதன்மேல் போர்த்துங்கள். வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள். தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார் என்ற செடியைக் கொண்டுவந்து மலர்ச்செடிகளை மூடுகிறார்களே, அதே வேலைதான்.

காலை 11:15, மேட்டுப்பாளையம் மாமா:
கோத்தகிரிக்காரர்களே, உங்கள் ஊர் மிலாரைப் பூங்காவுக்கு மட்டும் அனுப்புவீர்களா?

காலை 11:16, நான்:
மாமா, நீங்கள் வந்து வெட்டுவதாக இருந்தால் அரிவாள் தருகிறேன்.

மதியம் 12:20, தலைக்குந்தா அக்கா:
ரேவதி, தூக்குவதற்கு முன் ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார். என் செம்பருத்தியில் இலைக்காம்பு தண்டோடு சேரும் கவட்டில் பஞ்சுத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினால் பிசுபிசுக்கிறது. மாவுப்பூச்சி! வெளியே இருந்தபோது மழையும் காற்றும் அதை அடக்கி வைத்திருந்தன. மூடிய வராந்தாவின் கதகதப்பில் எல்லாத் தொட்டிக்கும் பரவிவிடும். தொட்டியின் அடித்துளையையும் பார். கடுகளவு நத்தைகள் அங்கேதான் இருக்கும்.

மதியம் 12:24, தலைக்குந்தா அக்கா:
ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சோப்புக் கரைசல். இலையின் அடிப்பக்கத்தில் படும்படி தெளித்து, பிறகு நல்ல தண்ணீரால் கழுவிவிடு. உச்சிவெயிலில்தான் செய்யவேண்டும். மாலையில் நனைத்தால் இலை ஈரத்தோடு இரவுக்குள் போகும்.

மதியம் 1:05, ரேவதி அண்ணி:
உச்சிவெயிலில் நான் ஆறாம் வகுப்பில் நிற்கிறேன். பூச்சி இருப்பதைத் தனியாக வைத்து நாளை கழுவுகிறேன்.

மதியம் 2:30, பெரியம்மா:
நான் முற்றத்து ரோஜாக்களுக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். குளிரில் ஊற்றக்கூடாதோ?

மதியம் 2:38, குன்னூர் சித்தப்பா:
இந்த நேரத்தில் ஊற்றியது சரி. ஈர மண் காய்ந்த மண்ணைவிடக் கூடுதலாகச் சூட்டைப் பிடித்து வைக்கும். பொழுது சாய்ந்து ஊற்றாதீர்கள். உள்ளே வருபவற்றுக்கு மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். விரலை மண்ணில் ஒரு கணு அளவு விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றினால் போதும். பங்குனி வரை உரமும் வேண்டாம்.

மாலை 5:25, ரேவதி அண்ணி:
[படம்] [படம்]
பெகோனியா எல்லாம் வந்தாயிற்று. ஆந்தூரியம் வந்தாயிற்று. தையல் இயந்திரம் ஹாலுக்குப் போய்விட்டது. கறிவேப்பிலைத் தொட்டியை அவர் ஒரு கை பிடித்தார், இப்போது மறுபடி கட்டில்.

மாலை 5:27, குன்னூர் சித்தப்பா:
இரண்டாவது படத்தில் பெகோனியா இலை கண்ணாடியில் ஒட்டுகிறது. ஒரு சாண் தள்ளி வை. இரவில் அந்தக் கண்ணாடி வெளிக்குளிரையே வாங்கி நிற்கும். ஹாலுக்கு எதுவும் போக வேண்டாம், வராந்தாவே இருக்கட்டும். திடீரென்று இருட்டும் சூடுமான அறைக்குப் போனால் இலை கொட்டும். வராந்தாவிலும் கொஞ்சம் கொட்டத்தான் செய்யும், அண்ணி பதற வேண்டாம்.

மாலை 5:31, நான்:
போயின்செட்டியா ஹாலில் தெரிகிறதே?

மாலை 5:33, ரேவதி அண்ணி:
கிறிஸ்துமஸுக்குச் சிவந்து நிற்கும் என்று ஹாலில் வைத்தேன்.

மாலை 5:36, நான்:
ஹாலில் 11 மணி வரை தொலைக்காட்சியும் விளக்கும் எரியும். அதற்கு நாளுக்கு 14 மணி நேரம் நல்ல இருட்டு வேண்டும், அப்போதுதான் மேல் இலை சிவக்கும். யாரும் விளக்குப் போடாத வராந்தா மூலைதான் அதற்குச் சரி.

மாலை 5:50, பெரியம்மா:
வராந்தா இப்போதே ஜில்லென்று இருக்கிறது. இரவுக்குக் கரிச்சட்டியில் நெருப்புப் போட்டுச் செடிகளுக்கு நடுவில் வைக்கட்டுமா? எனக்கும் கை காய்ச்சிக்கொள்ள ஆகும்.

மாலை 5:51, குன்னூர் சித்தப்பா:
வேண்டாம் அண்ணி. வேண்டவே வேண்டாம்.

மாலை 5:53, குன்னூர் சித்தப்பா:
மூடிய இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். மணம் கிடையாது, புகைகூடத் தெரியாது. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். குளிருக்குக் கரி மூட்டிப் படுத்தவர்கள் எழுந்திருக்காத கதைகள் இந்த மலையில் நிறைய உண்டு. ரேவதி, அந்தச் சட்டியை இப்போதே வெளியே எடுத்து வை. வைத்துவிட்டு இங்கே எழுது.

மாலை 5:58, ரேவதி அண்ணி:
விறகுக் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என்னிடம்.

மாலை 6:02, பெரியம்மா:
ஆகட்டும். துளசிக்குப் புடவை போர்த்தியாயிற்று. மஞ்சள் புடவைதான், மங்களமாக இருக்கட்டும்.

சனிக்கிழமை

காலை 6:20, தலைக்குந்தா அக்கா:
[படம்]
இன்று உறைந்தேவிட்டது. கார் கண்ணாடியைச் சுரண்ட வேண்டியிருந்தது. உருளைக்கிழங்கு இலைகளுக்கு வெயில் வருவதற்குள் தண்ணீர் அடிக்க ஓடுகிறேன்.

காலை 6:34, ரேவதி அண்ணி:
இங்கும் முற்றம் வெள்ளை. புடவை மேலெல்லாம் மொறுமொறுவென்று உப்புப் போலப் பனி படிந்திருக்கிறது, உள்ளே துளசி பச்சையாக இருக்கிறது. கிணற்றோர இம்பேஷன்ஸ் ஒன்று இருட்டில் கண்ணில் படவில்லை, அது விறைத்து நிற்கிறது. அத்தை வெந்நீர்ப் பாத்திரத்தோடு போகிறார்கள்!

காலை 6:35, குன்னூர் சித்தப்பா:
நிறுத்து! வெந்நீர் ஊற்றினால் மிச்சமும் போகும். வெறும் பச்சைத் தண்ணீரை மெல்லத் தெளித்து, வெயில் நேராகப் படாத இடத்தில் தொட்டியை வையுங்கள். மெதுவாக இளகவேண்டும். கருகிய இலையை இப்போது கிள்ள வேண்டாம். அடுத்த பனிக்கு அதுவே கீழ்த்தண்டுக்குப் போர்வை. மாசி கழிந்து வெட்டிக்கொள்ளலாம்.

காலை 6:52, பெரியம்மா:
வெந்நீரில் நானே குளித்துவிட்டேன். பச்சைத் தண்ணீர் தெளித்தாயிற்று. பெகோனியா எல்லாம் சௌக்கியம். தம்பி, அந்த 5 டிகிரி என்ன ஆயிற்று?

காலை 8:47, பெங்களூரு தம்பி:
இப்போதுதான் எழுந்தேன் பெரியம்மா. செயலியில் 4 என்று காட்டுகிறது.

காலை 8:55, ரேவதி அண்ணி:
ஹைட்ராஞ்சியாவுக்கும் மரத்தக்காளிக் கன்றுக்கும் போர்த்த வீட்டில் துணி இல்லை. இன்னும் இரண்டு புடவை கேட்டால் அத்தை முறைக்கிறார்கள். சாக்கு எங்கே கிடைக்கும்?

காலை 9:02, மேட்டுப்பாளையம் மாமா:
உருளைக்கிழங்கு மண்டி ஊரில் இருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? எத்தனை வேண்டும்?

காலை 9:03, ரேவதி அண்ணி:
இருபது. சணல் சாக்குதான், பிளாஸ்டிக் வேண்டாம்.

காலை 9:20, மேட்டுப்பாளையம் மாமா:
சொல்லிவைத்துவிட்டேன். மதியம் ஊட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வண்டி எண்ணை இங்கே போடுகிறேன். மத்திய பஸ் நிலையத்தில் யாராவது நிற்கவேண்டும்.

காலை 9:22, தலைக்குந்தா அக்கா:
நான் காய் கொண்டுவந்து போட அந்தப் பக்கம்தான் வருகிறேன். நானே வாங்கிக் காந்தலில் இறக்கிவிடுகிறேன். ஐந்து சாக்கு எனக்கு.