நுவரெலியாவில் உறைபனி, உலகத்தில் சூடு: எதை நம்புவது?

கந்தப்பளை விவசாயி

இந்த ஜனவரியிலயும் பனி கொட்டிருச்சு. விடியக்காலம் டோர்ச் அடிச்சுப் பார்த்தா உருளைக்கிழங்குப் பாத்தி பூரா வெள்ளை. இலையைத் தொட்டா விறைச்சுப் போய் விரல்ல நொறுங்குது. வெயில் ஏறினதும் அத்தனையும் கொதிதண்ணி ஊத்துன மாதிரி கறுத்துத் தொங்கிருச்சு. ஓடைப் பக்கத்துப் பாத்தியில ஒண்ணும் மிஞ்சல. விதைக்கிழங்குக்கு வாங்கின கடன் அப்படியே நிக்குது.

அதே வாரம் பள்ளிக்கூட மண்டபத்துல உலகம் சூடாகுதுன்னு ஒரு கூட்டம். லிந்துலை டீச்சரும் பேசினாங்க. மரியாதையோடதான் கேக்கிறேன்: சூடாகிற உலகத்துல என் கிழங்கு எப்படிப் பனியில கருகும்? எங்கப்பா காலத்துலயும் இதே பனிதான். கண்ணால பார்க்கிறதை விட்டுட்டு, கூட்டத்துல காட்டின வெப்பநிலை வரைபடத்தை நம்பச் சொல்றது என்ன நியாயம்?

லிந்துலை டீச்சர்

அண்ணே, உங்க நட்டத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் அந்தப் பனி எப்படி வந்தது என்று பார்த்தால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

உறைபனி மேலிருந்து கொட்டுவதில்லை, இலை மேலேயே உருவாகிறது. ஜனவரி, பெப்ரவரியில் மழை ஓய்ந்து, மேகமில்லாமல், காற்று அசையாமல், ஈரப்பதன் குறைந்த இரவுகள் வரும். பகலில் வாங்கிய வெப்பத்தை மண்ணும் இலையும் நேரே வானத்துக்கு விட்டுவிடும். மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். இல்லாவிட்டால் இலை, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்து போகும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் வெப்பமானி நெஞ்சுயரத்தில், பெட்டிக்குள் இருக்கிறது. அது 3 அல்லது 4 பாகை காட்டும் அதே நேரத்தில் புல் நுனியில் பூச்சியத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். செய்தியில் 4 பாகை என்கிறார்கள், வயலிலோ ஐஸ். இரண்டுமே உண்மைதான்.

குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். உங்கள் ஓடைப் பக்கத்துப் பாத்தி போனதற்கு அதுதான் காரணம். மேட்டுப் பாத்தி தப்பியிருக்குமே?

அந்தப் பனி அந்த ஒரு இரவின் வானத்தைப் பற்றித்தான் சொல்கிறது. உலகம் சூடாகிறதா என்பதற்கு முப்பது, நாற்பது வருடக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

கந்தப்பளை விவசாயி

மேட்டுப் பாத்தி தப்பிருச்சு, சரிதான். ஆனா இது நம்ம ஊர்ல மட்டும் நடக்கிற விஷயமில்லையே. 2021 பெப்ரவரியில டெக்சஸ்ல கரண்டே இல்லாம சனங்க குளிர்ல செத்தாங்க. அதுக்கு முந்தி 2015ல ஒரு அமெரிக்க செனட்டர், ஜேம்ஸ் இன்ஹோஃப், உலகச் சூடு பொய்னு காட்ட பனி உருண்டையைச் சபைக்குள்ளேயே கொண்டு போய்க் காட்டினார். அவரு படிக்காதவரா?

இன்னொண்ணும் இருக்கு. வெயில் கூடினா உலகச் சூடுங்கிறீங்க, மழை கூடினாலும் அதுதான், டெக்சஸ்ல உறைஞ்சதுக்கும் அதுதான் காரணம்னு சிலர் எழுதுறாங்க. எது நடந்தாலும் உங்க பக்கமே சாட்சின்னா, நீங்க சொல்றது பிழைன்னு யாரும் எப்பவுமே காட்ட முடியாதே.

ஊவாக் காற்று

அண்ணன் கேட்டதுல நியாயமிருக்கு. நான் பண்டாரவளைப் பக்கம். இங்க வெக்கை கூடியிருக்குங்கிறதை நான் மறுக்கல. காரணத்தை வானத்துல தேடாதீங்கன்னுதான் சொல்றேன். வெள்ளைக்காரன் கோப்பிக்கும் தேயிலைக்கும் காட்டை மொட்டையடிச்சான். மிச்சமிருந்ததை நாம வெட்டினோம். மரம் போனா நிழல் போகும், ஊற்று வத்தும், ஊர் காயும். இதுக்கு வட துருவம் வரைக்கும் போக வேண்டியதில்ல.

விளைச்சல் குறைஞ்சதையும் இப்ப காலநிலை தலையில கட்டுறாங்க. 2021ல ஒரே ராத்திரியில இரசாயன உரத்தைத் தடை பண்ணினாங்க. அடுத்த வருஷம் நாட்டோட தேயிலை உற்பத்தி கால் நூற்றாண்டுல இல்லாத அளவுக்கு விழுந்துச்சு. அது மனுஷன் எடுத்த முடிவு. எல்லாத்தையும் உலகச் சூடுன்னு சொல்லிட்டா, முடிவெடுத்தவன் தப்பிச்சுக்குவான்.

லிந்துலை டீச்சர்

உரத் தடை பற்றி ஊவாக்காரர் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றமாட்டேன். காடு அழிந்தால் ஊர் காயும் என்பதும் சரி. ஆனால் காட்டை வெட்டினால் பண்டாரவளை காயுமே தவிர, பசிபிக் சமுத்திரம் சூடாகாது. உலகத்தில் சேரும் மேலதிக வெப்பத்தில் 90 வீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. கடலுக்கு நடுவில் தேயிலைத் தோட்டமும் இல்லை, டவுனும் இல்லை.

கந்தப்பளை அண்ணன் கேட்டது நல்ல கேள்வி. என்னைப் பிழை என்று காட்டுவது எப்படி? பத்து, பதினைந்து வருடம் கடலின் வெப்பம் கூடாமல் நின்றால், எரிபொருள் எரிப்பதால் சேர்ந்து வெப்பத்தைப் பிடித்து வைக்கும் காபனீரொக்சைட்டு வாயு ஏறிக்கொண்டே போகும்போதும் உலகச் சராசரி வெப்பநிலை இறங்கினால், நான் சொல்வது பிழை. அதே மாதிரி சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் கீழடுக்கும் சேர்ந்தே சூடாக வேண்டும். அளந்து பார்த்ததில் கீழே சூடாகிறது, மேலே குளிர்கிறது. கீழே வெப்பம் பிடித்து வைக்கப்படுகிறது என்பதற்கு அது அடையாளம். காபனீரொக்சைட்டு தொழிற்சாலைக் காலத்துக்கு முன் பத்து இலட்சத்துக்கு 280 பங்கு அளவில் இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

டெக்சஸ் குளிரை உலகச் சூடுதான் கொண்டுவந்தது என்று நான் சொல்லவில்லை, அதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே வாதம் ஓடுகிறது. இன்ஹோஃப் பனி உருண்டை கொண்டுவந்தது 2015 பெப்ரவரி 26. அந்த மாதம் அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் உறைந்தது, மேற்குப் பக்கம் வழமைக்கு மீறிச் சுட்டது. அதற்கு முந்தைய 2014, அன்றுவரை பதிவான வருடங்களிலேயே வெப்பமானது. அதற்குப் பிறகு வந்த 2015 முதல் 2024 வரையான பத்து வருடங்களும் 2014ஐ மிஞ்சிவிட்டன. 2024இல் உலகச் சராசரி, 1850–1900 காலத்தைவிட ஏறத்தாழ 1.55 பாகை கூட.

ஊவாக் காற்று

சராசரி எங்க அளந்தது? நுவரெலியாவையே எடுங்க. அந்தக் காலத்துல ஒரு ரேஸ் கோர்ஸ், நாலு பங்களா. இன்னைக்கு ஹோட்டல், தார் ரோட், வாகன நெரிசல். வெப்பமானி அதே ஊர்லதான் நிக்குது. ஊர் சூடானதை உலகம் சூடானதா எழுதுறாங்க.

மஸ்கெலியா மாணவன்

அண்ணே, இதே சந்தேகத்தோட ஒருத்தர் வேலையில இறங்கினார். ரிச்சர்ட் முல்லர், அமெரிக்க பௌதீகவியலாளர். நகரச் சூடுதான் கணக்கைக் கெடுக்குதான்னு பார்க்க பெர்க்லி எர்த்னு ஒரு குழு அமைச்சு, பழைய பதிவுகளை எல்லாம் திரும்பப் போட்டுப் பார்த்தாங்க. நாட்டுப்புற நிலையங்களைத் தனியா பிரிச்சும் பார்த்தாங்க. சூடாகிறது உண்மை, காரணம் மனுஷன்தான்னு 2012ல அவரே எழுதினார். சந்தேகப்பட்டுக்கிட்டு நிக்காம, உட்கார்ந்து அளந்தார். அதனாலதான் எனக்கு அவர் மேல மரியாதை.

நம்ம நாட்டுக் கணக்கும் இருக்கு. 1961 முதல் 1990 வரை இலங்கையோட சராசரி வருஷத்துக்கு 0.016 பாகை ஏறியிருக்கு. முப்பது வருஷத்துல ஏறத்தாழ அரைப் பாகை.

திம்புள்ள பழைய கணக்கப்பிள்ளை

பிள்ளைகளா, அரைப் பாகை என்றதும் அது என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். மலையில் ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். அப்படியென்றால் ஒரு பாகை சூடு கூடுவது, தோட்டத்தை அப்படியே 150 மீற்றர் கீழே இறக்கி வைத்ததற்குச் சமம். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றரில் இருக்கிறது. அதற்கு மேலே ஏறிப் போக இடம் எவ்வளவு? பீதுருதலாகலை உச்சியே 2,524 மீற்றர்தான்.

குளிரை விரோதியாகப் பேசுகிறீர்கள். எங்கள் திம்புள்ளப் பக்கத்துக்குக் குளிர்தான் சோறு. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பகல் வெயிலும், காய்ந்த காற்றும், ராக்குளிரும் சேர்ந்தால் கொழுந்து நிதானமாக வளரும். எடை குறையும், மணம் ஏறும். ஃபெக்டரிக்குள் நுழைந்ததுமே மூக்கு சொல்லிவிடும். கொழும்பு ஏலத்தில் அந்தப் பருவத்துத் தூளுக்குத் தனி விலை. ஊவாவுக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை அடிக்கிற காற்று எப்படியோ, எங்களுக்கு இந்தக் குளிர் அப்படி.

அதே குளிர் கொஞ்சம் மிஞ்சினால் பள்ளத்துத் தேயிலை மலை கருகும். நுனி சிவந்து, பிறகு சருகாகும். கருகினதை வெட்டி எடுத்துவிட்டுத் துளிர் வரும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அத்தனை நாளும் அந்த மலையில் ஆட்களுக்குப் பேர், அதாவது நாள் சம்பளக் கணக்கு, கிடையாது. நட்டம் என்று தோட்டத்துத் துரை அறிக்கை எழுதுவார். அரைப்பேரோடு வீட்டுக்குப் போகிறவளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

பொகவந்தலாவைப் பிள்ளை

ஐயா கடைசியா சொன்ன இடத்துலதான் எனக்குப் பேச்சே இருக்கு. எங்கம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறாங்க. இந்த மாசம் காலையில பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு, போகும்போது கம்பளியைத் தலையோட சுத்திக்கிட்டு போவாங்க. பனியில நனைஞ்ச வாது பட்டு இடுப்புல கட்டின படங்கு முழங்கால் வரைக்கும் ஈரமாயிரும். விரல் விறைச்சுப் போய் முதல் ஒரு மணித்தியாலம் கொழுந்து கையில நிக்காது. பத்தரைக்கு மேல அதே மலையில வெயில் மண்டையைப் பொளக்கும். குளிரா சூடான்னு நீங்க வாதாடுறீங்க. அம்மாவுக்கு ரெண்டும் ஒரே நாள்லதான்.

எனக்குப் பயம் மழைதான். காத்து ஒரு பாகை சூடானா ஏறத்தாழ 7 வீதம் கூடுதலா நீராவி பிடிச்சு வைக்கும்னு படிச்சிருக்கேன். பிடிச்சு வச்சதை ஒரேயடியா கொட்டினா எங்க லயம், இந்தத் தோட்டத்து வரிசை வீடு, தாங்குமா? 2014 ஒக்டோபர் 29 பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்துல மலை இறங்கி லயத்தையே மூடிச்சு. ஆபத்தான இடம்னு முன்னாலேயே எச்சரிச்சிருந்தும், போறதுக்கு வேற காணி இல்லாம இருந்த சனங்க. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்தப்ப நாடு முழுக்க 600 பேருக்கு மேல போனாங்க. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள்ல மண்சரிவு. அந்த ராத்திரி எங்க லயத்துல யாரும் படுக்கல.

ஊவாக் காற்று

தங்கச்சி, உங்க வேதனை எனக்கும்தான். ஆனா நான் சொல்றதுக்கு மீரியபெத்தையே சாட்சி. மழை எப்பவும் பெய்யும். சரிவுல லயத்தைக் கட்டினதும், எச்சரிக்கை வந்த பிறகும் காணி குடுக்காம விட்டதும்தான் கொன்னுச்சு. உலகச் சூடுன்னு சொன்னா கம்பனியும் அரசாங்கமும் கையை விரிச்சிரும்.

பொகவந்தலாவைப் பிள்ளை

அண்ணே, நான் அப்படியே மாத்திச் சொல்றேன். மழை கூடப் போகுதுன்னு தெரிஞ்ச பிறகும் சரிவுலயே வச்சிருந்தா குற்றம் ரெண்டு மடங்கு. சூடு உண்மைன்னு ஒத்துக்கிட்டாத்தான், "எதிர்பாராத இயற்கை அனர்த்தம்"னு அவங்க சொல்ல முடியாம போகும். எனக்கு அந்த வரைபடம் வேணும். பாதுகாப்பான இடத்துல காணி கேட்டுப் போகும்போது மேசையில வைக்கிறதுக்கு வேணும்.

இன்னொண்ணு. இலங்கையில ஆளுக்கு வெளிவிடுற காபனீரொக்சைட்டு, உலகச் சராசரியில கால்வாசிகூட வராது. அதுலயும் ஒத்தை பல்பு எரியிற லயத்துப் பங்கு என்ன? நாங்க செய்யாததுக்கு நாங்க மண்ணுக்குள்ள போறோம்.

கந்தப்பளை விவசாயி

பிள்ளை சொன்னதை ரெண்டு தரம் வாசிச்சேன். காணி விஷயத்துல நான் உங்க பக்கம், அதுல பேச்சே இல்ல.

ஆனா டீச்சர்கிட்ட நேரா ஒண்ணு கேக்கிறேன். ராக்குளிர் குறையுதுன்னா எனக்கு அது லாபம்தானே? பனி விழாட்டி என் கிழங்கு பிழைக்கும். நான் ஏன் அதைக் கெட்ட சேதின்னு எடுத்துக்கணும்?

லிந்துலை டீச்சர்

உறைபனி இரவுகள் குறைந்தால் கந்தப்பளைப் பள்ளத்துக்கு அது லாபம்தான், அண்ணே. அதை மறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கிழங்கு மண்ணுக்குள் திரள இரவு குளிர்ச்சி வேண்டும். 20 பாகைக்கு மேல் இரவு போகப்போகச் செடி மேலே தழைக்கும், கீழே திரளாது. உங்கள் உயரத்தில் அதற்கு இன்னும் இடமிருக்கிறது. கீழே வெலிமடைப் பக்கம் போடுகிறவர்களுக்கு அந்த இடம் சுருங்கும். உங்களுக்கும் பனி முழுதாக விட்டுப் போகாது. சராசரி ஒரு பாகை ஏறினாலும் மேகமில்லாத, காற்றில்லாத இரவு வரத்தான் செய்யும். பனி இனி வராது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

அடுத்த முறை வானம் தெளிந்து, சாயங்காலமே காற்று நின்றுவிட்டால், பகலிலேயே பாத்தி மண்ணை நன்றாக நனைத்து வையுங்கள். ஈர மண் பகல் வெப்பத்தைப் பிடித்து வைத்து ராத்திரியில் விடும், காய்ந்த மண் சீக்கிரம் குளிர்ந்துவிடும். இலை மேல் தண்ணீர் தெளித்துக் காப்பாற்றுவதாக இருந்தால், ஐஸ் உருகி முடியும்வரை நிறுத்தவே கூடாது. பாதியில் விட்டால் இன்னும் மோசம்.

திம்புள்ள பழைய கணக்கப்பிள்ளை

வெப்பமானி ஒன்று வாங்கிப் பள்ளத்தில், செடி உயரத்தில் கட்டுங்கள். நெஞ்சுயரத்தில் கட்டினால் பிரயோசனமில்லை. மேட்டில் இன்னொன்று. ராத்திரியின் ஆகக் குறைந்த பாகையைப் பதிந்து வைக்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

கந்தப்பளை விவசாயி

ரெண்டும் வாங்குறேன் ஐயா. கொப்பி போட்டு எழுதியும் வைக்கிறேன். ஆனா ஒரு வருஷக் கணக்கை வச்சு உலகம் குளிருதுன்னு நான் சொல்ல மாட்டேன், சூடாகுதுன்னு டீச்சரும் சொல்லக் கூடாது. என் மகன் பத்து வருஷம் எழுதட்டும், பிறகு பேசுவோம்.

ஊவாக் காற்று

எழுதுங்கண்ணே. ஆனா டீச்சர், காடு பற்றி நான் கேட்டதுக்கு ஊர் காயும்னு ஒரு வரியில கடந்து போயிட்டீங்க. எங்க பக்கம் ஊற்றுக்கு மேல இருக்கிற காட்டைத் துண்டு போட்டு வெட்டிக்கிட்டு இருக்காங்க. பள்ளிக்கூட மண்டபத்துல அடுத்த கூட்டம் வைக்கும்போது அதைப் பேசுவீங்களா?

லிந்துலை டீச்சர்

பேசுகிறேன். நீங்களே வந்து முதலில் பேசுங்கள். எந்த ஊற்று, எந்த மாதம் வற்றியது என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.