பழைய பவுடர் டப்பாவைப் பரிசோதிக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அம்மாவுக்கு மீசோதெலியோமா என்று போன மாதம் உறுதியானது. நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் புற்றுநோய்; பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் இழைகளைச் சுவாசிப்பதால் வருவது. "ஆஸ்பெஸ்டாஸ் புழங்கும் இடத்தில் வேலை செய்தீர்களா?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். அம்மா வேலைக்கே போனதில்லை. ஆனால் நாற்பது வருடமாகக் குளித்ததும் டால்கம் பவுடர் போடுவார். பஃப்பைத் தட்டும்போது ஜன்னல் வெளிச்சத்தில் அந்தத் தூசி மிதப்பது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பவுடர் செய்யும் டால்க்கும் ஆஸ்பெஸ்டாஸும் பூமிக்குள் அருகருகே உருவாகக்கூடிய கனிமங்கள், வெட்டியெடுக்கும்போது கலந்துவிடலாம். பவுடரால் புற்றுநோய் வந்தது என்று அமெரிக்காவில் ஜான்சன் அண்ட் ஜான்சன் மீது பல்லாயிரம் வழக்குகள் உள்ளன. 2018-இல் செயின்ட் லூயிஸில் நடுவர் குழு 22 பெண்களுக்கு 469 கோடி டாலர் தரச் சொன்னது. மேல்முறையீட்டில் அது பாதிக்கும் கீழே இறங்கியது. தங்கள் பவுடரில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்றே நிறுவனம் சொல்லிவருகிறது. அம்மா வாங்கியது வேறு பிராண்டு, பெயர் இங்கே வேண்டாம்.

அலமாரியில் பாதி தீர்ந்த டப்பா ஒன்று கிடைத்தது. திறக்காமல் இரண்டு கவருக்குள் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். சாதாரண நுண்ணோக்கியில் மெல்லிய இழைகள் தப்பிவிடுமாம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துத் தரும் லேப் எது? தனிநபர் கொடுத்தால் வாங்குவார்களா? அப்புறம், பயாப்ஸி எடுத்த திசுவைப் பத்திரமாக வைக்கச் சொல்லி மருத்துவமனைக்கு எப்படி எழுதுவது?

இப்படி வழக்கு நடத்தியவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து பேசுங்கள். அம்மா தெம்பாகப் பேசும்போதே அவர் சொல்வதைப் பதிவு செய்துவிட நினைக்கிறேன். என்னென்ன கேட்க வேண்டும்?