பஸ்ஸா, புஸ்ஸா? ஊருக்கு ஊர் மாறும் இங்கிலீஷ்: உங்கள் காதில் விழுந்ததை எழுதுங்கள்

லீட்ஸ்காரன்:

வெளிநாட்டில் இருப்பவர்கள், இருந்துவிட்டுத் திரும்பியவர்கள் எல்லோரும் கொஞ்சம் வாருங்கள். தினமும் புழங்குகிற ஒரு சொல்லை உள்ளூர்க்காரர் வேறு மாதிரி சொல்லி நீங்கள் முழித்த கதை இருந்தால் இங்கே போடுங்கள். பெரிய சொல் எதுவும் வேண்டாம். பஸ், டீ, பேனா, குளியலறை அளவில் போதும்.

நானே தொடங்குகிறேன். லீட்ஸில் பஸ் கிடையாது, 'புஸ்'தான். கப் 'குப்', லஞ்ச் 'லுன்ச்', மண்டே 'முண்டே'. "பட், புட் இரண்டிலும் நடுவில் இருப்பது அதே யு எழுத்துதானே, ஏன் டீச்சர் ஒன்று அ, ஒன்று உ?" என்று பள்ளியில் கேட்டு, பேசாமல் உட்கார் என்று பதில் வாங்கியவர்கள் யார்க்‌ஷயருக்கு வரலாம். இங்கே இரண்டும் 'புட்'தான். பழைய இங்கிலீஷில் எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது. 17ஆம் நூற்றாண்டு வாக்கில் தெற்கே பல சொற்களில் உ தேய்ந்து அ ஆயிற்று. வடக்கே அந்த மாற்றம் வந்து சேரவே இல்லை.

அடுத்தது 'பாத்'. லண்டன் பக்கம் பாத், கிராஸ், லாஃப் எல்லாம் நெடில். இங்கே குறில், சட்டென்று நறுக்கிவிடுவார்கள். மேற்கே செவர்ன் ஆற்று முகத்துவாரத்திலிருந்து கிழக்கே வாஷ் விரிகுடா வரை ஒரு கோடு போட்டால், ஏறக்குறைய அதுதான் எல்லை. எங்கள் டீமில் கென்ட்காரர் ஒருவர், பிராட்ஃபோர்டுக்காரர் ஒருவர். "'பாத்' என்ற சொல்லில் இல்லாத ஆர் எழுத்தை எந்தக் கடையில் வாங்கினாய்?" என்று பின்னவர் கேட்பார். "அரைச் சொல்லை விழுங்கிவிட்டுப் பேசாதே" என்பார் முன்னவர். வாரம் தவறாமல் நடக்கும். உண்மையில் குறில்தான் பழசு. தெற்கே நெடில் ஊன்றுவதற்கு முன்பே கப்பல் ஏறிவிட்டதால்தான் அமெரிக்கர்களும் இதைக் குறிலாகவே சொல்கிறார்கள்.

டப்ளின் நர்ஸ்:

தம்பி, நல்ல வேளை ஆரம்பித்தீர்கள். இங்கே வருவதற்கு முன் கோச்சிங் சென்டரில் 'த்ரீ', 'திங்க்' சொல்ல நாக்கைப் பல்லிடுக்கில் நீட்டச் சொல்லிப் பிழிந்தெடுத்தார்கள். கண்ணாடி முன் நின்று பழகினேன். வந்து பார்த்தால் வார்டில் ஒருவர்கூட நாக்கை நீட்டவில்லை! 'தேங்க்ஸ்' நம் த் மாதிரியே பல்லின் பின்னால் தட்டிக் கேட்கிறது. சிலர் அதையும் விட்டு 'ட்ரீ' என்பார்கள். ஐரிஷ் மொழியில் இப்போது அந்த நாக்கு நீட்டும் ஒலி கிடையாது, பல்லில் ஒட்டும் த் உண்டு. அது அப்படியே இங்கிலீஷுக்கும் வந்துவிட்டது. நம் ஊர் இங்கிலீஷிலும் இதே கதைதானே.

அதைவிட ஆனந்தம் 'ஃபில்ம்'. எழுபது வயது நோயாளி ஒருவர் "பழைய ஃபிலிம் ஏதாவது டிவியில் போடுகிறானா பார்" என்றார். ல், ம் நடுவில் ஒரு உயிரெழுத்தைச் செருகி, எங்கள் தாத்தா சொல்வது போலவே! 'ஃபிலிம்' என்று சொல்லாதே, பட்டிக்காடு என்று கல்லூரியில் கேலி செய்தவர்களை டிக்கெட் போட்டு அழைத்து வர ஆசை.

இன்னொன்று, எட்டாவது எழுத்து. நாம் 'ஹெச்' என்போம், லண்டன்காரர் 'ஏய்ச்'. இங்கே 'ஹேய்ச்'. எனக்கு இது சாதாரண விஷயமாகத்தான் இருந்தது. பெல்ஃபாஸ்டிலிருந்து வந்த சக நர்ஸ் சொன்ன பிறகுதான் கனம் புரிந்தது. வட அயர்லாந்தில் 'ஹேய்ச்' என்றால் கத்தோலிக்கர், 'ஏய்ச்' என்றால் புராட்டஸ்டண்ட் என்று ஆளைக் கணித்துவிடுவார்களாம். கலவர காலத்தில் ஒரு எழுத்தைச் சொல்லச் சொல்லியே மதத்தைக் கண்டுபிடிக்கலாம். இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

கிவி குடும்பஸ்தன்:

கிறைஸ்ட்சர்ச்சில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனோம். பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தைக் காட்டி, "பிக்ஸை உங்களுக்கே விட்டுவிட்டுப் போகிறேன்" என்றார் வீட்டுக்கார அம்மா. என் மனைவி சைவம். பன்றியை எங்கே கட்டியிருக்கிறார்கள் என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். அவர் காட்டியது கொடியில் தொங்கிய துணிக் கிளிப்பை. இங்கே அதற்குப் 'பெக்' என்று பெயர். (பெக் என்றதும் வேறு எதையோ நினைத்தவர்கள் கையைத் தூக்குங்கள்.)

நியூசிலாந்தில் எ எல்லாம் இ பக்கம் போய்விட்டது. பென் 'பின்', பெட் 'பிட்'. விமான நிலையத்தில் 'செக்-இன்' எங்கே என்று கேட்டால் கோழிக்கறி விற்கும் இடத்தைக் கேட்பது போல இருக்கும். சரி, அப்படியானால் பழைய இ எங்கே போயிற்று? அது அ ஆகிவிட்டது. ஃபிஷ் 'ஃபஷ்', சிக்ஸ் 'சக்ஸ்'. பஸ் சீட்டில் ஒருவர் தள்ளி உட்கார்ந்தால் வரிசையே நகர்கிற மாதிரி. ஆஸ்திரேலியர்களுக்கு இது தீராத கேலி. அவர்கள் அதே மீனை 'ஃபீஷ்' என்று இழுக்கிறார்கள் என்பதை மட்டும் மறந்துவிடுவார்கள்.

கரடிக்கும் பியருக்கும்கூட இங்கே பலர் வாயில் வித்தியாசம் இல்லை. நாற்காலியைக் கேட்டால் 'சியர்'.

1946 முதல் 1948 வரை இங்கே வானொலிக்காரர்கள் வண்டியில் ரெக்கார்டிங் கருவியை ஏற்றிக்கொண்டு சிற்றூர்களுக்குப் போய் முதியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்தார்கள். அதில் 1850களில் பிறந்தவர்களின் குரலே இருக்கிறது. வெள்ளையர் குடியேற்றத்தின் முதல் தலைமுறைப் பிள்ளைகள்! கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் அந்தப் பதிவுகளை வைத்துத்தான் ஒரு புது உச்சரிப்பு பிறந்து வளர்ந்த விதத்தை ஆராய்ந்தார்கள். இப்படித் தொடக்கத்திலிருந்தே காதால் கேட்கக் கிடைப்பது அபூர்வம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

எல்லாம் சுவையாக இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்வது படிக்காதவர்கள் பேச்சு. முறையான உச்சரிப்பு ஒன்றுதான், பிபிசி வாசிப்பதுதான். அதைத்தான் நாங்கள் கற்றோம், கற்பித்தோம்.

லீட்ஸ்காரன்:

ஐயா, கோபிக்க வேண்டாம். அந்த உச்சரிப்பை 1917இல் அகராதியாகத் தொகுத்த டேனியல் ஜோன்ஸ் அதற்கு முதலில் வைத்த பெயரே 'பப்ளிக் ஸ்கூல் உச்சரிப்பு'. அதாவது, தெற்கத்திய வசதியான வீட்டுப் பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளில் பேசிய பேச்சு. அதுவும் ஒரு வட்டாரம், ஒரு வர்க்கம்தான்.

பிபிசி கதையையே எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப்போர் நடந்தபோது, 1941இல், வில்ஃப்ரெட் பிக்கிள்ஸ் என்பவரைத் தேசியச் செய்தி வாசிக்க வைத்தார்கள். எங்கள் லீட்ஸுக்குப் பக்கத்து ஹாலிஃபாக்ஸ்காரர். ஜெர்மானியர்கள் நகலெடுக்கக் கஷ்டப்படுவார்கள் என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. வடக்கத்திய நேயர்களுக்குக் 'குட் நீட்' என்று ஊர்ப் பேச்சில் விடைகொடுப்பார். இந்த வாயால் கேட்டால் செய்தியையே நம்ப முடியவில்லை என்று கேட்டவர்கள் புகார் சொன்னார்கள். பஸ்ஸைப் புஸ் என்றால் குண்டு விழுந்த செய்தி பொய்யாகிவிடுமா?

ஜெர்சிவாசி:

ஆசிரியர் ஐயாவுக்கு என் பக்கத்திலிருந்தும் ஒன்று. லண்டன் உயர்குடிப் பேச்சில் 'கார்', 'ஃபோர்' போன்றவற்றின் கடைசி ர் விழுந்துவிடும், அதுதான் கௌரவம். நியூயார்க்கில் அதே ர்-ஐ விட்டால் கீழ்த்தட்டு. 1962இல் வில்லியம் லபோவ் என்ற ஆய்வாளர் இதை அளந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். சாக்ஸ், மேசிஸ், கிளைன் என்று விலை உயர்ந்தது, நடுத்தரம், மலிவு என மூன்று பெரிய கடைகள். நான்காவது மாடியில் விற்கும் பொருள் எங்கே என்று விற்பனையாளர்களிடம் கேட்பார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று பதில் வரும். காது கேட்காதவர் போல "என்னது?" என்பார். இன்னொரு முறை, அழுத்தமாகப் பதில் வரும். தள்ளிப் போய் நின்று குறித்துக்கொள்வார். சாக்ஸில்தான் ர் அதிகம், கிளைனில் மிகக் குறைவு. கேள்வித்தாள் கிடையாது, மைக் கிடையாது. ஒரே ஒலி, ஒரு ஊரில் மேலே, இன்னொரு ஊரில் கீழே.

இங்கிருந்து தெற்கே ஃபிலடெல்ஃபியா போனால் தண்ணீர் 'வுடர்'. முதல் தடவை கேட்டபோது விறகு கேட்கிறார் என்றே நினைத்தேன்.

ஹூஸ்டன் சித்தப்பா:

நியூசிலாந்து தம்பிக்கு: பென், பின் குழப்பம் டெக்சாஸிலும் உண்டு, வேறு வகையில். உங்களிடம் இரண்டும் இடம் மாறின. இங்கே ன், ம் முன்னால் மட்டும் எ, இ இரண்டும் ஒன்றாகிவிடும். பென், பின் இரண்டும் 'பின்'தான். 'பெட்' சரியாகவே வரும். அதனால் பேனா வேண்டுமானால் 'இங்க் பென்' என்று விளக்கிக் கேட்பார்கள். சும்மா 'பின்' கேட்டால் "எழுதவா, குத்தவா?" என்று திருப்பிக் கேட்பார் எங்கள் ரிசப்ஷனிஸ்ட்.

எங்கள் ஊர்ப் பெயரே ஒரு வம்பு. இது 'ஹ்யூஸ்டன்'. நியூயார்க்கில் அதே எழுத்துகளில் ஒரு தெரு இருக்கிறது, அது 'ஹவுஸ்டன்'. டாக்ஸியில் மாற்றிச் சொன்னால் ஊருக்குப் புதுசு என்று முத்திரை.

ஸ்காபரோ சுதா:

நாங்கள் யாழ்ப்பாணம். எங்கள் பத்திரிகைகள் 'ரொறன்ரோ' என்று எழுதும், தமிழ்நாட்டார் 'டொராண்டோ' என்று எழுதுவார்கள். எது சரி என்று ஒரு கலியாண வீட்டில் பெரிய விவாதம். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த, இங்கே பிறந்த மருமகள் "ரெண்டும் இல்லை, சுரானோ" என்றாள். உண்மைதான், இந்த நகரத்துப் பிள்ளைகள் நடுவில் வரும் டீ எழுத்தை விழுங்கி, முதல் டீயைச் ச ஆக்கித்தான் கதைக்கிறார்கள்.

கனடியர்கள் மன்னிப்புக் கேட்பதில் பேர்போனவர்கள். அந்தச் சொல்லே இங்கே 'சோரி'. எல்லையைத் தாண்டிப் பஃபலோ போனால் 'சாரி'.

கிளாஸ்கோ மாணவன்:

ஸ்கோன் சண்டையை யாருமே தொடவில்லையே! டீயோடு சாப்பிடும் அந்தச் சின்ன பன். இங்கே 'ஸ்கான்'. இதைத் தப்பித்தவறி 'ஸ்கோன்' என்றால் கடைக்காரர் முகத்தில் ஒரு சுருக்கம் விழும். இங்கிலாந்துக்குள் போனால் ஒரே வீட்டில் கணவர் ஒன்று, மனைவி ஒன்று. இது போதாதென்று பெர்த் பக்கத்தில் அதே எழுத்துகளில் ஒரு ஊர், அதன் பெயர் 'ஸ்கூன்'! ஸ்காட்லாந்து அரசர்கள் முடிசூடிய இடம். இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டு 1296இல் அள்ளிக்கொண்டு போன முடிசூட்டுக் கல் அங்கிருந்து போனதுதான். 1996இல் ஸ்காட்லாந்துக்குத் திரும்பியது, 2024 முதல் பெர்த் மியூசியத்தில் இருக்கிறது. ஒரே எழுத்துக்கூட்டல், மூன்று உச்சரிப்பு.

லிவர்பூலில் இருப்பவர்கள் யாராவது எழுதுங்களேன். அங்கே என் நண்பன் அறையில் ஒரு வாரக்கடைசி தங்கினேன். 'பேக்' என்பதன் கடைசி க் அவர்கள் தொண்டையில் உரசிக்கொண்டு போகிறது. நாம் 'பகல்' என்று சொல்லும்போது க கரைகிறதே, கிட்டத்தட்ட அது. ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அதைக் கேட்க வேடிக்கையாக இருந்தது.

புதுவரவு:

எல்லாவற்றையும் படித்தேன், பயம்தான் கூடியது. செப்டம்பரில் நியூகாசிலில் எம்.எஸ்சி. சேரப் போகிறேன். இப்போதே ஏதாவது வீடியோ பார்த்துப் பழக வேண்டுமா? நானும் அவர்களைப் போலப் பேச வேண்டுமா?

டப்ளின் நர்ஸ்:

பேசவே வேண்டாம்மா. காது பழகினால் போதும். வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு சொல்லையும் முழுசாகச் சொல். அவர்கள் சொல்வது புரியாவிட்டால் வெட்கப்படாமல் இன்னொரு முறை கேள். நோயாளி மருந்துப் பெயர் சொல்லும்போது நான் இப்போதும் எழுதிக் காட்டச் சொல்வேன்.

லீட்ஸ்காரன்:

ஊர்ப் பெயரிலிருந்து தொடங்குங்கள். லண்டன்காரர் 'நியூ'வில் அழுத்தி, 'கா'வை நெடிலாக்குவார். அந்த ஊர்க்காரர் 'காசி'லில் அழுத்துவார், அதுவும் குறிலாக. 'டவுன்' அங்கே 'டூன்', அவர்கள் கால்பந்து அணியின் செல்லப்பெயரே அதுதான். 'வை ஐ' என்றால் ஏன் என்று கேட்கவில்லை, "ஆமாம், பின்னே" என்கிறார். வீட்டு ஓனரிடம் ஹீட்டிங் சரியாகிவிடுமா என்று கேட்கும்போது அந்தப் பதில் வந்தால் நிம்மதியாகப் போர்வையை வாங்காமல் இருக்கலாம். இல்லை, எதற்கும் ஒன்று வாங்கி வையுங்கள், அது நியூகாசில்.